டீச்சர் வீட்டு மாடியில் ஒரு வானிலை நிலையம்

18.7.2005 – வானிலை நிலையம் ஒன்று, சென்னை – ரூ. 22,750.00
18.7.2005 – பஸ்ஸில் பெட்டிக்கு லக்கேஜ் – ரூ. 14.00
23.7.2005 – இரும்புக் குழாய், பத்து அடி – ரூ. 540.00
24.7.2005 – சிமெண்ட் அரை மூட்டை, கொத்தனார் கூலி – ரூ. 235.00
9.8.2005 – பல் துலக்கும் பிரஷ் ஒன்று – ரூ. 9.00
25.10.2005 – சார்ஜ் ஏறும் செல் மூன்று – ரூ. 285.00
10.11.2005 – ஒயர், ஈயப்பற்று – ரூ. 26.00
27.11.2005 – மண்ணெண்ணெய் – என் வீட்டிலிருந்து, விலை இல்லை
18.1.2006 – பதிவுத் தபால் – ரூ. 27.00

இது என் வீட்டுக் கணக்கு அல்ல. திருப்புலிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஞானசுந்தரி டீச்சருடையது. அவர் சொல்லச் சொல்ல என் நோட்டில் எழுதினேன். கடைசி இரண்டு வரிகள் மட்டும் என் செலவு. அது என் தலையில் விழுந்த காரணம் பின்னால் வரும்.

டீச்சர் 1947 மே மாதம் பிறந்தவர். அப்பா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அக்கா காஞ்சிபுரத்தில் இருக்கிறார். தம்பி மாசிலாமணிக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஆசிரியர் பயிற்சி முடித்து 1971-இல் மாகறல் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தார். கணவர் பஸ் கண்டக்டர். 1988-இல் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. மறுவருடம் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார். 1990-இல் எங்கள் பக்கத்து மனையை வாங்கி, இரண்டு அறையும் ஒரு மொட்டைமாடியுமாக வீடு கட்டிக்கொண்டார். வீட்டுக்கு அவரே பெயர் வைக்கவில்லை. தபால்காரர் 'டீச்சர் வீடு' என்று வைத்துவிட்டார்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். பெயர் வீராசாமி. உத்திரமேரூர் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் எழுத்தர். ஏரி மதகுக் கணக்கோடு தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவதும் என் வேலை. 1991-இல் ஓய்வு பெற்ற மறுவாரமே அதே அளவில் ஒரு மழைமானியை வாங்கி என் வீட்டுப் பின்புறம் நட்டேன். முந்தின நாள் காலை எட்டரையிலிருந்து இன்று காலை எட்டரை வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். மழைக்கு நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல. இதை மட்டும் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

டீச்சர் அறிவியல் பாடம் எடுத்தார். வகுப்புக் கரும்பலகையின் வலது மூலையில் 'இன்றைய மழை' என்று தினமும் ஒரு வரி எழுதுவார். எண் என்னிடமிருந்து போகும். நான் அளந்து முடிப்பதற்குள் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிடும்.

"அண்ணா, இன்னா கணக்கு இன்னிக்கி?"

"பதினேழு புள்ளி ரெண்டு, டீச்சர்."

"புள்ளி ரெண்டு நெசமா, கொசுறா?"

"கொசுறு குடுக்கறதுக்கு நான் இன்னா காய்கறிக் கடையா வெச்சிருக்கேன்?"

மழை இல்லாத மாதங்களிலும் அந்த வரி இருக்கும். பிப்ரவரி முதல் மே வரை '0.0' என்று எழுதிக்கொண்டே வருவார். ஒரு வருடம் ஒரு பெண் பிள்ளை எழுந்து, இல்லாத மழையை எதற்காக எழுதவேண்டும் என்று கேட்டதாம். "பெய்யலன்னு பாத்துட்டுத்தானே எழுதறேன். பாக்காம இருந்தா காலியா வுட்டிருப்பேன்" என்றாராம் டீச்சர். இதை என்னிடம் சொன்னபோது, என் நாற்பது வருட உத்தியோகத்தை யாரோ முதல்முறையாகப் புரிந்துகொண்டது போல் இருந்தது.

31.5.2005 அன்று ஓய்வு பெற்றார். ஜூன் முதல் ஞாயிறே மாசிலாமணி வந்துவிட்டார். நல்ல மனிதர். அக்காள் மேல் உயிர்.

"தனியா இங்க இன்னாக்கா பண்ணப் போற? வயசாவுது. ஓசூர்ல ரூமு கீது, சர்ச்சு பக்கத்துலயே கீது. நாளைக்கு விழுந்து கெடந்தா யாரு பாக்கறது?"

"ஏன், கங்கம்மா பாப்பாங்க."

கங்கம்மாள் என் மனைவி. சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயவைத்துக்கொண்டிருந்தவள், "நல்லா பாப்பேன், நீ போப்பா" என்றாள். மாசிலாமணி சிரித்தார். ஆனால் விடவில்லை.

டீச்சர் மனதில் வேறு ஒன்று இருந்தது. சென்னையில் மழைப் பதிவாளர் வட்டம் என்று ஒன்று உண்டு. ஊர் ஊராகத் தானியங்கி நிலையம் வைத்திருப்பவர்களின் அளவுகளைத் திரட்டி மாதாமாதம் நான்கு பக்கத் தாள் அச்சிடுகிறார்கள். அதில் காஞ்சிபுரம் இருக்கும், செங்கல்பட்டு இருக்கும், நம் பக்கம் ஒன்றும் இராது. சேர்வதற்கு ஒரே நிபந்தனை: அக்டோபர் ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை நிலையம் ஓடவேண்டும். விட்டுப்போன நாள் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. கையால் அளக்கும் என் மழைமானி அவர்களுக்கு ஆகாது.

"ஒரு மழக்காலம் குடு" என்றார் தம்பியிடம். "ஒரு மெஷின் வாங்கப் போறேன். வட்டத்துல சேத்துக்கினாங்கன்னா எனக்கு இங்க உத்தியோகம் கீது, நீ கூப்பிடாத. சேத்துக்கலன்னா பொங்கலுக்கு வந்து அழைச்சிக்கினு போ. பேச்சு மாற மாட்டேன்."

டீச்சர் பேச்சு மாறமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். கங்கம்மாள் அன்று முழுவதும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, ஏதோ நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல.

ஜூலையில் நிலையம் வந்தது. மாடியில் நட்ட குழாயின் உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் மேல் காற்றில் சுற்றும் மூன்று கிண்ணங்கள், மழைக்கு ஒரு புனல். பெட்டியின் முகப்பில் தெற்கு பார்த்து உள்ளங்கையளவு கறுப்புத் தகடு. அதில் வெயில் பட்டால் உள்ளே இருக்கும் மூன்று செல்லில் சார்ஜ் ஏறும். இரவில் அந்தச் சார்ஜில் ஓடும். ஒயர் இல்லாமலே கீழே கூடத்தில் இருக்கும் திரைக்கு வெப்பம், ஈரம், காற்று, மழை எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் வந்து, நேரத்தோடு பதிவாகிவிடும்.

முதல் மழையிலேயே மானம் போயிற்று. ஆகஸ்ட் 8 இரவு பெய்த மழை மறுநாள் காலை எனக்கு 31.4 மில்லிமீட்டர். திரையில் 6.2.

"இருபத்தி ரெண்டாயிரம் குடுத்து வாங்கினது மழைய முழுங்கிடுச்சே டீச்சர்" என்றேன்.

"சிரிங்க, சிரிங்க. கோளாறு மேல இல்ல, எங்கயோ அடியில கீது" என்று ஏணியில் ஏறினார். புனலுக்கு அடியில் பாப்பா ஊஞ்சல் போல ஒரு சின்னத் தொட்டி இருக்கும். தண்ணீர் நிறைந்தால் ஒரு பக்கம் சாயும், பிறகு மறுபக்கம். சாய்கிற எண்ணிக்கைதான் மழை. அந்த ஊஞ்சலின் அச்சில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கடைக்குப் போய்ப் பிரஷ் வாங்கி வந்து தேய்த்துச் சுத்தம் செய்தார். அடுத்த மழை எனக்கு 12.8, அவருக்கு 12.6. அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா ரவா லட்டு வந்தது.

அக்டோபர் ஒன்றாம் தேதி கணக்கு தொடங்கியது. பத்து நாள் ஒரு குறையும் இல்லை. 11-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. விடுமுறைக்கு டீச்சர் காஞ்சிபுரம் அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டார். மாடிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"உங்க மழைமானிய எப்படிப் பாத்துக்குவீங்களோ, அப்படியே இதையும் பாத்துக்கோங்கண்ணா."

அப்படியே பார்த்துக்கொண்டேன். என் மழைமானிக்கு 1991 முதல் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு உண்டு. சந்தனமும் குங்குமமும் வைத்தால் மழையில் கரைந்து புனலுக்குள் இறங்கும், அளவு கெடும். அதனால் எப்போதும் சிவப்பு எனாமல் பெயிண்டில்தான் வைப்பேன். அவர் கிறிஸ்தவ வேதக்காரர், பூஜை கிடையாது. ஆனால் கருவி என்ன பாவம் செய்தது? என் கருவிக்குப் பொட்டு இருந்து அதற்கு இல்லாவிட்டால் பாரபட்சமாகத் தோன்றியது. ஏணியில் மூன்று படி ஏறி, அதன் நெற்றி எது என்று பார்த்தேன். முகப்பில் பளபளவென்று இருந்தது தகடுதான். அது வெயில் வாங்கும் இடம் என்று தெரியாமல் இல்லை. அளந்து பார்த்தேன். தகட்டின் பரப்பு ஐம்பத்தேழு சதுர சென்டிமீட்டர். எட்டணா அளவுப் பொட்டு நாலரை. நூற்றுக்கு எட்டு. மீதி தொண்ணூற்றிரண்டு தாராளம் என்று முடிவுசெய்து பொட்டு வைத்தேன். நோட்டிலும் எழுதினேன்: '11.10.2005. இரு கருவிகளுக்கும் பொட்டு.'

அக்டோபர் 24 இரவு 11.10-க்கு நிலையம் நின்றுபோனது. மறுநாள் காலை ஆறு மணிக்கு டீச்சர் எழுந்து திரையைப் பார்த்திருக்கிறார். வெறும் கோடுகள். உடனே ஏறி, கைவசம் இருந்த பழைய செல்களைப் போட்டு 6.20-க்கு ஓடவைத்துவிட்டார்.

அன்று பகல் இனாயத்துல்லா பாய் வந்தார். உத்திரமேரூர் பஜாரில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். இருபத்தாறு வருடத் தொழில். கையில் ஊசி வைத்த மீட்டர். வானம் மூடிக்கிடந்தது. கங்கம்மாள் காபி எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விட்டாள்.

"நோம்பும்மா. வாசனைய மட்டும் இப்பிடி வுடுங்க, போதும்" என்றார் பாய் ஏணியிலிருந்து. தகட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "ஆறு வோல்ட்டு வருது. தகடு ஜோரா கீது. செல்லுதான் பூட்ச்சி டீச்சர்."

புதுச் செல் வாங்கினார். அடுத்த மூன்று நாள் அடைமழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே உபரித் தண்ணீர் வழிந்தது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. டீச்சர் போகவில்லை. திரையை விட்டு நகரவில்லை. நிலையம் நிற்கவில்லை.

நவம்பர் 9 இரவு 10.35-க்கு மறுபடியும் நின்றது. 10-ஆம் தேதி காலை 6.05-க்கு ஓடவைத்தார். பாய் வந்து, தகட்டிலிருந்து செல்லுக்குப் போகும் ஒயரில் ஈரம் புகுந்திருக்கும் என்று மாற்றி, ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார். "இனிமே பேஜார் இல்ல" என்றார்.

விட்டுப்போனவை இரண்டு. டீச்சர் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதைக் கங்கம்மாள் கவனித்துச் சொன்னாள்.

நவம்பர் 26 சனிக்கிழமை இரவு 9.50-க்கு மூன்றாவது தடவை.

ஞாயிறு காலை ஆறுக்கு அவர் குரல் கேட்டு ஓடினேன். மழை பக்கெட்டால் ஊற்றுவதுபோல் ஊற்றியது. மாடியில் மின்னல் வேறு. ஏறினால் ஆபத்து என்று நான் மறித்தேன். சார்ஜ் ஏற்றிய மூன்று செல்லை முந்தானையில் முடிந்துகொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏழு மணி ஆராதனைக்குப் போகவேண்டிய பஸ் போய்விட்டது. எட்டு மணிக்கு மழை சற்று விட்டது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார். ஈரக்கையில் வழுக்கி ஒரு செல் கீழே விழுந்து உருண்டது. நான் அதைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். கூடத்திலிருந்து கங்கம்மாள் கத்தினாள்: "வந்துட்ச்சி! எழுத்து வந்துட்ச்சி!"

மணி பார்த்தேன். 8.22. வழக்கப்படி எழுதிவைத்தேன். அப்போது அதன் அருமை எனக்கே தெரியாது.

பகல் பன்னிரண்டரைக்கு வெயில் அடித்தது. பாய் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். முகத்தில் கோபம், தன் மேலேயே.

"ரெண்டு வாட்டி வந்து ரெண்டு வாட்டியும் தோத்துட்டேன். இன்னிக்கி ஒண்ணு இது, இல்ல நான்." தகட்டு ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தார். "வோல்ட்டு கீது. அதே ஆறு." மீட்டரின் திருகைத் திருப்பி வேறு துளையில் ஊசியைச் செருகினார். "கரண்டு இல்ல. ஊசி அறுவதுக்குப் போவணும். நாலுல நிக்குது. அன்னிக்கி வோல்ட்ட மட்டும் பாத்துட்டு எறங்கிட்டேன், மடையன்."

"தகடு கெட்டுப்போச்சா பாய்?" டீச்சர் குரல் இறங்கிவிட்டது. புதுத் தகடு கம்பெனியிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும்.

"இருங்க." விரலால் தகட்டைத் தடவினார். நடுவில் விரல் நின்றது. "இது இன்னா டீச்சர், சேப்பா? நான் கம்பெனிக்காரன் முத்திரைன்னு நெனச்சேன். பெயிண்ட்டு மாதிரி கீது?"

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஏரிப் பக்கம் பார்த்தார்.

"நான் வெச்ச பொட்டு" என்றேன். "ஆயுத பூஜைக்கு. ஆனா நூத்துக்கு எட்டுதான். அளந்துட்டுத்தான் வெச்சேன்."

பாய் ஏணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நைனா, சீரியல் செட்டு பாத்திருக்கியா? கோயில் திருவிழாவுல போடற பல்பு. வரிசையில ஒரு பல்பு பூட்ச்சின்னா எத்தினி பல்பு அணையும்?"

"எல்லாம்."

"இந்தத் தகட்டுல பன்னண்டு கட்டம் கீது. ஒண்ணு பின்னால ஒண்ணு கோத்துக்கினு நிக்குது. நீ ஒரு கட்டத்தோட கண்ண மூடிட்ட. மீதிப் பதினொண்ணும் வெயில்ல நின்னுக்கினு சும்மாவே கெடந்துது. நூத்துக்கு எட்டு இல்ல நைனா, நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு போயிட்ச்சி. செல்லுல இருந்த சார்ஜுலதான் ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு வாரம் ஓடிட்டு நின்னுக்கினு கீது."

நாற்பது வருடத்தில் இப்படி ஒரு கணக்குப் பிழை நான் செய்ததில்லை. கங்கம்மாள் மாடிப்படியில் நின்று எல்லாம் கேட்டுவிட்டாள்.

"ஊரு மழையெல்லாம் அளந்தாரு. ஒரு பொட்டு அளக்கத் தெரியல. அந்த அம்மாவ ஊர வுட்டே தொரத்தப் பாத்தீங்களே, நல்லா இருப்பீங்களா!"

"ஐயோ, திட்டாதீங்க கங்கம்மா" என்றார் டீச்சர். "நானும் பாத்தேன். காஞ்சிபுரத்துலருந்து வந்த அன்னிக்கே பாத்தேன். அண்ணா ஆசையா வெச்சிருக்காரு, அழிச்சா மனசு கஷ்டப்படும்னு வுட்டுட்டேன். நானும் கணக்கு போட்டேன்." சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "எனக்கும் எட்டுதான் வந்துது."

"நல்ல டீச்சரு, நல்ல கிளார்க்கு, நல்ல மெக்கானிக்கு" என்றார் பாய். "மூணு பேரும் பாத்துக்கினே இருந்தோம். மண்ணெண்ண எடுத்துக்கினு வா நைனா, உன் வூட்லருந்தே."

துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கீறல் விழாமல் கால் மணி நேரம் துடைத்தார். ஊசி நாலிலிருந்து எழுந்து ஐம்பத்தெட்டுக்குப் போய் நின்றது. பாய் அன்று கூலி வாங்க மறுத்து, கங்கம்மாள் கொடுத்த காபியை மட்டும் இரண்டு டம்ளர் குடித்தார். இறங்கும்போது டீச்சர் என்னிடம் சொன்னார்: "பொட்டு வேணாம்னு சொல்லலண்ணா. அடுத்த வருஷம் குழாய்ல வெய்யுங்க."

டிசம்பர் 31 வரை நிலையம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

2.1.2006 அன்று டீச்சர் படிவத்தை நிரப்பி அனுப்பினார். 'பதிவு விடுபட்ட தேதிகள்' என்ற இடத்தில், திரை காட்டியபடி நேர்மையாக எழுதினார்: அக்டோபர் 24, 25, நவம்பர் 9, 10, 26, 27. 'காரணம்' என்ற கட்டத்தில் 'மின்கோளாறு.' எனக்குக் காட்டவில்லை. 9-ஆம் தேதி வட்டத்தின் செயலாளர் ராஜாராம் என்பவரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். விடுபட்ட நாள் ஆறு. வருந்துகிறோம். அடுத்த ஆண்டு முயலவும்.

டீச்சர் அதை மடித்து வைத்துவிட்டு, அட்டைப்பெட்டி கேட்டு மளிகைக் கடைக்குப் போனார். பொங்கலுக்கு மாசிலாமணி வந்தபோது பாத்திரம் பாதி கட்டியாகிவிட்டது. மாசிலாமணிக்கே என்னவோ போலிருந்தது. "ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டேன்கா" என்று மட்டும் சொன்னார்.

"அண்ணா, நெலயத்த உங்க மழைமானி பக்கத்துல நட்டுக்கோங்க" என்றார் டீச்சர். "நான் வந்து போவும்போது பாப்பேன். அது நின்ன நேரமெல்லாம் உங்க நோட்டுல கீது இல்ல? ஒரு தாள்ல எழுதி அதோட வெச்சிடுங்க. அடுத்தவங்களுக்கு உதவும்."

அன்று மாலை, ஜனவரி 17, அந்தத் தாளை எழுத நோட்டை எடுத்தேன். பிழை செய்த கை என்பதால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நின்றது சனி இரவு 9.50. ஓடியது ஞாயிறு காலை 8.22. என் நோட்டில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. அது நவம்பர் 27-க்கான மழை நாள், காலை எட்டரைக்கு முடிவது. மற்ற இரண்டையும் பார்த்தேன். அவையும் ஒவ்வொரு வரிதான். ஒவ்வொரு தடவையும் இரவில் நின்று, மறுநாள் எட்டரைக்குள் அவர் ஓடவைத்திருந்தார். திரை நள்ளிரவில் தேதி மாற்றியதால் மூன்று ஆறாகிவிட்டது.

செருப்பு போடாமல் சுவரண்டை ஓடினேன்.

"டீச்சர்! வட்டத்து விதிப் புத்தகம் எங்க? மழை நாள் எதுலருந்து எதுவரைக்கும்னு போட்டிருக்கான்?"

ஜன்னல் வழியாகவே பதில் வந்தது. "எட்டரையிலருந்து எட்டரைண்ணா. நாலாவது விதி. ஏன்..." பேச்சு பாதியில் நின்றது. அட்டைப்பெட்டி எதுவோ சரியும் சத்தம். ஓடிவந்து சுவரின் மேல் இரண்டு கையையும் வைத்தார். "மூணா?"

"மூணேதான். கடைசிது எட்டு நிமிஷத்துல தப்பிச்சிது."

"பதினாலு வருஷம் பலகையில எழுதினேனே! எனக்கு எப்படித் தோணல?"

"தேதி கேட்டான், நீங்க தேதி சொன்னீங்க."

அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தோம். மூன்று நேரங்களையும் என் மழைமானியின் தொண்ணூற்றிரண்டு நாள் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒரு இடத்தில் டீச்சர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டுக் கதை எதுக்குண்ணா? சிரிப்பாங்க. நம்ம வூட்டு விஷயம்."

"மின்கோளாறுன்னு எழுதியிருக்கீங்க. கருவியில கோளாறு இல்லயே. கோளாறு என்னோடது. காரணம் தப்பா இருந்தா மீதிக் கணக்க எவன் நம்புவான்?"

யோசித்து, பேனாவை விட்டார். 'தகட்டில் எனாமல் பொட்டு. வைத்தவர் அண்டை வீட்டு வீராசாமி, வயது 72' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் பதிவுத் தபாலில் சேர்த்தேன். மாசிலாமணி, கட்டிய பாத்திரங்களைத் தானே அவிழ்த்து வைத்துவிட்டு, மாத முடிவுவரை பார்க்கலாம் என்று ஓசூர் போனார்.

பத்து நாள் டீச்சர் தபால்காரரைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். நானும் அப்படியே. கங்கம்மாள் மட்டும் அவரை வழியில் நிறுத்திப் பையைத் தானே துழாவினாள்.

ராஜாராமின் பதில் ஒரு பக்கம். விதி நான்கின்படி விடுபட்டவை மூன்று நாட்களே. திருப்புலிவனம் நிலையம் நாற்பத்தேழாவதாகச் சேர்க்கப்படுகிறது. ஜனவரி மாத அளவுகளைப் பிப்ரவரி ஐந்துக்குள் அனுப்பவும். கீழே பேனாவால் இரண்டு வரி: எங்கள் கோளாறுப் பட்டியலில் பறவை எச்சம், மர நிழல், தூசி எல்லாம் இருந்தன, பொட்டு இல்லை, இப்போது சேர்த்துவிட்டோம்.

டீச்சர் அதை எனக்கும் கங்கம்மாளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். பிறகு முக்குக் கடைக்குப் போய் ஓசூருக்கு ஃபோன் போட்டார். "தம்பி, அந்த ரூமு இன்னா, காலியாவா கீது? வாடகைக்கு வுட்டுடு. எனக்கு அஞ்சாந் தேதிக்குள்ள வேலை கீது."

கடிதம் வந்தது 27.1.2006, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு.